களரியின் நடுவே நிற்போருக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் மத்தளம் கட்டியும், தாளம் ஏந்தியும், பிற்பாட்டுப் பாடியும், உடுக்கடித்தும், பறை முழக்கியும் ஆட்டத்துக்கு உயிர் கொடுத்துவரும் அண்ணாவிமார்களுக்கும், அவர்தம் கையைப் பார்த்துக் கற்கும் தம்பி தங்கையருக்கும், தேற்றாத்தீவிலிருந்து கூத்துப் பார்த்தே வளர்ந்த ஒருவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

கூத்தாடியவரைப் புகழ்ந்து பேச எந்த ஊரிலும் ஆளுண்டு. தருமராகக் கொலுவிருந்தவரைப் பல வருஷங்களுக்குப் பின்னும் தருமர் என்றே விளிப்பதும், வீமனாக ஆடியவரின் பேரப்பிள்ளைகள்கூட வீமன் வீட்டுப் பிள்ளைகள் என்று பெயர் பெறுவதும் நம்மிடையே புதுமையல்ல. ஆனால், அந்தத் தருமரும் வீமனும் களரிக்கு வந்தது முதல் களரியை விட்டகன்றது வரை அவர்களுடைய ஒவ்வோர் அடியையும் தம் விரல்களில் தாங்கி நின்றவர் யார் என்று கேட்டால், பெரும்பாலோர் சற்று யோசித்தே விடை சொல்லுவர். உங்களை நோக்கி ஒரு மடல் எழுதவேண்டும் என்ற எண்ணம் எனக்கு உண்டானதற்கு இந்த மறதியும் ஒரு காரணமாயினும், நன்றி கூறுவது மாத்திரம் என் நோக்கமன்று. கூத்து ஆடுபவரின் காலிலே தோன்றுகின்றதாயினும் அது குடியிருக்கும் இடம் உங்கள் கைகளே என்பதும், ஆதலால் கூத்துக்கு வாரிசு தேடும் ஊர்கள் மத்தளத்துக்கே முதலில் வாரிசு தேடவேண்டும் என்பதும், அந்தத் தேடலை உங்களையன்றி வேறெவரும் தொடக்கிவைக்க இயலாது என்பதுமே நான் சொல்ல வந்தவை.

நாம் வாழும் நிலத்தின் இயல்பை நீங்கள் அறிவீர்கள். கிழக்கே கடலும் மேற்கே வாவியும் காக்க, இடையே ஒடுங்கி நீண்டு கிடக்கும் இந்த மணல்நிலத்தில், செட்டிபாளையம், மாங்காடு, தேற்றாத்தீவு, களுதாவளை, களுவாஞ்சிக்குடி என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. ஓர் ஊரில் மத்தளம் முழங்கினால் அடுத்த ஊர் கேட்கும் என்பது இங்கே அலங்காரப் பேச்சன்று. இரவின் அமைதியில் வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரைக் கிராமங்களுக்கும் அந்த ஓசை சென்று சேர்ந்த காலம் ஒன்றிருந்தது. பெரும்போக அறுவடை முடிந்து, கையிலே நெல்லும் மனத்திலே ஓய்வும் உண்டான நாள்களில், ஊர்ப் பெரியவர்கள் கூடி இன்ன கூத்து ஆடுவதென்று தீர்மானித்து, கூத்துப் பழக்கும் அண்ணாவியாரை அழைத்து, ஆடுவோரைத் தெரிந்து, நல்ல நாளிலே அவரவர் பகுதி எழுதிய சட்டம் கொடுத்து, மாதக்கணக்கிலே பழக்கி, சதங்கை அணிந்து, முழு ஒத்திகையாக அடுக்குப் பார்த்து, அதன் பின்னரே களரியேற்றுவர். இந்தக் கிரமம் முழுவதிலும், முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை ஓயாமல் உழைக்கும் கருவி ஒன்று உண்டெனில் அது மத்தளமே. ஆடுபவர் தம் பாத்திரத்தின் பகுதியைப் பழகிவிட்டு வீடு செல்லலாம். மத்தளக்காரரோ எல்லாப் பாத்திரங்களின் பகுதிகளுக்கும் நின்றே தீரவேண்டும்.

வட்டக்களரியின் அமைப்பே உங்கள் ஸ்தானத்தைத் தெளிவாகக் கூறுகின்றது. மண்ணை உயர்த்தி வட்டமாகச் சமைத்து, சுற்றிவரக் கம்பு நாட்டி, வெள்ளை கட்டி, நாற்புறமும் சனங்கள் அமர்ந்திருக்க, நடுவிலே மத்தளமும் தாளமும் பிற்பாட்டும் நிற்கும்; அவற்றை வலம்வந்தே கூத்தர் ஆடுவர். அரசனாயினும், மந்திரியாயினும், கட்டியகாரனாயினும், அந்த வட்டத்துள் வந்தவர் எல்லாரும் உங்களைச் சுற்றியே சுழலவேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த ஒழுங்கு. ஆடுபவர் தாம் திரும்பும் திசைக்கேற்ப மத்தளத்துக்கு முதுகு காட்டலாம். மத்தளக்காரர் ஆடுபவருக்கு ஒருபோதும் முதுகு காட்டலாகாது. இடுப்பிலே கட்டிய மத்தளத்துடன், அவர் செல்லும் பக்கமெல்லாம் தாமும் திரும்பி, அவர் பாதத்தையும் முகத்தையும் ஒருங்கே நோக்கி, விடியும் வரை நின்றவாறே வாசிப்பதென்பது எத்துணைப் பிரயாசையான காரியம் என்பதை, முன்வரிசையிலே பாய் விரித்து உறங்கிவிட்ட நாங்கள் எங்ஙனம் அறிவோம்?

அந்த இரவிலே நீங்கள் செய்வனவற்றுள் சிலவற்றையேனும் எண்ணிப் பார்க்கிறேன். முதன்முதலாகக் களரியேறும் இளைஞன் ஒருவன், மாதக்கணக்காகப் பழகிய ஆட்டத்தை, சனக்கூட்டத்தைக் கண்ட மாத்திரத்தே மறந்து, ஓரடி பிந்திவிடுகின்றான். மத்தளம் அந்த அடியை ஏந்திக்கொண்டு, அவன் காலுக்கு இடம் விட்டு, அடுத்த ஆவர்த்தத்தில் அவனைத் தாளத்துக்குள் அழைத்துவந்து விடுகின்றது; பார்த்திருந்த தாய்க்கும் அவன் பிசகினான் என்பது தெரிவதில்லை. நள்ளிரவு கடந்தபின், வயது சென்ற ஒருவர் பாரமான உடுப்புடன் தம் பகுதியை ஆட வருகின்றார். மூச்சு வாங்குவதைக் கண்ட அண்ணாவியார் சுற்றுகளைச் சற்றே குறைத்துத் தீர்மானத்தை முன்னதாகவே வைத்துவிடுகின்றார். நன்றாக ஆடுகின்ற ஒருவன் அன்றைக்கு இன்னும் நன்றாக ஆடத் துணிந்தால், அந்த உற்சாகத்தைக் கண்ணிலே படித்து, தாளக்கட்டை வளர்த்து, அவனிடம் இருந்தும் அவனே அறியாத ஆற்றலை வெளியே கொணர்ந்துவிடுகின்றார். பனி இறங்கத் தோல் தளரும், நாதம் கம்மும், ஒரு விருத்தம் பாடி முடிவதற்குள் வாரை இறுக்கி மீண்டும் சுருதி சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏடு பார்ப்பவர் அடியெடுத்துக் கொடுக்க, பிற்பாட்டுக்காரர் அதனை ஏற்றுப் பாட, தாளக்காரர் காலத்தைக் காக்க, இவை மூன்றுக்கும் ஆடுபவரின் காலுக்கும் இடையே நின்று, அனைத்தையும் ஒன்றாகப் பிணைப்பது அந்த ஒரு மத்தளம். வரம்பிலே நின்று பயிரின் நிறத்தைப் பார்த்து வாய்க்காலைத் திறந்தும் அடைத்தும் விடும் வயற்காரனைப்போல, ஆட்டத்துக்கு வேண்டிய அளவறிந்து ஓசையைப் பாய்ச்சுகின்றவர் நீங்கள்.

கூத்தின் வடமோடி, தென்மோடி என்ற இரண்டு மரபுகளையும் தனித்தனியே ஆராய்ந்த அறிஞர்கள், பாட்டின் இராகம், ஆட்டமுறை, உடை, கதைப்பொருள் ஆகியவற்றின் வேறுபாடுகளை விரித்து எழுதியிருக்கின்றனர். பேராசிரியர் சி. மௌனகுரு அவர்களின் ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’ என்ற பெருநூலைப் படித்தவர்கள் இவ்விஷயத்தில் நல்ல தெளிவு பெறுவர். ஆயினும், நூலிலே பெயராக நிற்கும் வீசாணம், பொடியடி, நாலடி, எட்டு, குந்துநிலை என்பன களரியிலே ஆட்டமாக மாறுவது மத்தளத்தின் சொற்கட்டு எழுந்த பின்னரே அன்றோ? வடமோடியின் வீரவேகத்தில் அடிகளுக்குத் தீ மூட்டும் அதே கை, தென்மோடியில் திரைக்குப் பின்னின்று வெளிப்படும் பாத்திரத்தின் வரவுக்கு நுணுக்கமான தாளக்கட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவேண்டும். இரண்டு மோடியிலும் வல்ல அண்ணாவியார் ஒருவரின் நினைவிலே எத்தனை வரவுகள், எத்தனை தருக்கள், எத்தனை தீர்மானங்கள் அடங்கியிருக்கும் என்பதை எண்ணினால் வியப்பு மேலிடுகின்றது. 1940ஆம் ஆண்டிலே தி. சதாசிவ ஐயர் அவர்கள் நம் நாட்டு வசந்தன் பாட்டுகளைத் திரட்டி அச்சேற்றினார்கள். அந்த உபகாரத்தால் பாட்டுகள் பிழைத்தன. ஆனால், சிறுவர் கோலடித்து ஆடும் அந்த வசந்தனுக்கு எந்த இடத்தில் காலம் மாறும், எந்த இடத்தில் கோலும் காலும் மத்தளமும் ஒன்றாக விழும் என்பதை அறிய, பாட்டுப் புத்தகத்தை வைத்திருப்பவரிடம் செல்வதிலும் பழகிய மத்தளக்காரரிடம் செல்வதே பயன் தரும்.

உங்கள் தொழிலின் கௌரவத்தைக் கூற வேற்றுநாட்டுச் சாஸ்திரங்களைத் தேடவேண்டியதில்லை. கண்ணகியைத் தெய்வமாகக் கொண்டு வைகாசியிலே குளிர்த்தி பாடும் நாட்டவர் நாம்; அந்தக் கண்ணகியின் கதையைச் சொல்லும் சிலப்பதிகாரமே உங்களுக்குச் சான்று. மாதவியின் ஆடலை அரங்கேற்ற வந்த இளங்கோவடிகள், அவள் அழகை விரிப்பதற்கு முன்னர், ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் இலக்கணங்களை ஒன்றன்பின் ஒன்றாக வகுத்துக் கூறுகின்றார். தண்ணுமையாசிரியனுக்கு அவர் வேண்டுவது வெறும் விரல்வேகமன்று. யாழும் குழலும் மிடறும் எவ்வாறு இசைகின்றன என்பதைக் கேட்டறியும் செவியும், குறைந்த இடத்தை நிரப்பி மிகுந்த இடத்தை அடக்கும் விவேகமும், அவ்வாறு செய்யும்போது தன் கருவி அளவு கடந்துவிடாதபடி காக்கும் அடக்கமுமே அவனுக்கு இலக்கணம். அந்த அரங்கேற்று காதையின் இசைநுட்பங்களை விளக்கப் புகுந்தே, நம் காரைதீவிலே பிறந்த சுவாமி விபுலாநந்தர் பல்லாண்டு ஆராய்ந்து, 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். சுவாமிகள் நூலிலே தேடிக் கண்ட அந்தப் பழந்தமிழ் ஒழுங்கின் ஒரு கிளை, அவர் பிறந்த மண்ணின் களரிகளிலே இன்றும் மத்தளம் கட்டிக்கொண்டு நிற்கின்றது என்று நான் சொன்னால், அதனை முகஸ்துதியாக எண்ணிவிடாதீர்கள்.

கூத்து ஒன்றை மாத்திரமே இங்கு கருதுகின்றேன் என்றும் எண்ணவேண்டாம். எங்கள் ஊரிலே கொம்புச்சந்திப் பிள்ளையார் கோயில் கொண்டிருக்கின்றார். வடசேரி, தென்சேரி என ஊர் இரு கட்சியாகப் பிரிந்து கொம்பு முறித்து விளையாடிய பழைய நாள்களின் சாட்சியாக அந்தப் பெயர் நிலைத்திருக்கின்றது. கொம்புமுறிக்குப் பாட்டும் கொட்டும் இல்லாமல் கட்சியேது, கட்சிகட்டும் உற்சாகமேது? கும்மிக்கும், கரகத்துக்கும், காவடிக்கும், கண்ணகை வழக்குரை பாடும் சடங்குக்கும், உடுக்கு முழங்கத் தெய்வம் ஏறி ஆடும் வேளைக்கும், அந்தந்த இடத்தில் அந்தந்த நேரத்தில் ஒருவர் கையினின்றெழும் ஓசையே ஆதாரம். தெய்வம் ஏறும் கணத்தை முன்கூட்டி அறிந்து அதற்கேற்ப ஒலிப்பதிவு செய்து வைத்திருக்க எவரால் இயலும்?

இந்த இடத்தில் பறையைப் பற்றிப் பேசாது மேற்செல்வது அநீதியாகும். கோயிற் சடங்குகளிலும், இறுதி யாத்திரைகளிலும், பறைமேளக்கூத்திலும் பெரும்புலமை காட்டிய கலைஞர் பரம்பரை ஒன்று நம் பிரதேசத்தில் வாழ்ந்தது. இன்னும் சில ஊர்களில் வாழ்கின்றது. அமெரிக்க மானிடவியலாளரான டெனிஸ் மக்கில்வ்ரே, அக்கரைப்பற்றுப் பகுதியிலே தங்கி ஆராய்ந்து, பறை முழக்குவோரைப் பற்றி 1983இல் தனிக் கட்டுரையே வெளியிட்டார். தூரதேசத்து அறிஞர் மதித்து எழுதிய அந்தக் கலைஞரை, அவர் முழக்கத்தால் மங்கலமும் அமங்கலமும் நிறைவு பெற்ற நம் ஊர்கள் எவ்வாறு நடத்தின? கருவி வேண்டியபோது அழைத்து, காரியம் முடிந்தபின் தூர நிறுத்தினோம். சாதியின் பெயரால் கடமையாகச் சுமத்தப்பட்ட ஒரு கலையை அவர்களுடைய பிள்ளைகள் கீழே வைத்தார்களாயின், அவர்கள்மீது குற்றங்காண எனக்கு நாவெழவில்லை. மத்தளக்காரராகிய உங்களுக்கு ஊர் மரியாதை குறைத்தது என்றால், பறை முழக்கியவருக்கு அதனை அடியோடு மறுத்தது. ஆகவே, கருவிகளின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுகையில், அவர்களைச் சரிசமமான ஆசிரியர்களாக அழைத்து அமர்த்தி, அவர்கள் விரும்பினால் மாத்திரம், அவர்கள் விதிக்கும் முறையிலே கற்றுக்கொள்வதே தர்மமாகும்.

இனி, கூத்துக்குப் புத்துயிர் அளித்த ஒரு பெருமுயற்சியை நினைவுகூர வேண்டும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962இல் கர்ணன் போரையும், அதன்பின் நொண்டி நாடகத்தையும், அறுபதுகளின் நடுவில் இராவணேசனையும் மேடையேற்றியபோது, படித்தவர் உலகம் நம் கூத்தை முதன்முறையாகக் கண்ணெடுத்துப் பார்த்தது. அந்த முயற்சிக்கு உயிராயிருந்தவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் அவர்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1956இல், அதே பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சரச்சந்திர அவர்கள் மனமே என்ற சிங்கள நாடகத்தைப் படைத்தபோதும், அம்பலாங்கொடையைச் சேர்ந்த சாள்ஸ் சில்வா குணசிங்க என்ற நாடகம் வல்ல குருவினது அறிவையே துணைக்கொண்டார். இரண்டு மொழியிலும் புதிய அரங்கம் பிறந்த வேளையில், பழைய இசையும் தாளமும் அறிந்த ஒருவரின் நினைவே அதற்குத் தாய்மடியாயிற்று என்பது கவனிக்கத்தக்கது.

ஆயினும், ஒவ்வொரு நன்மையும் தனக்குரிய விலையைக் கேட்கும். விடியவிடிய ஆடிய கூத்து ஒன்றரை மணி, இரண்டு மணி நேரமாகச் சுருங்கியது. வட்டக்களரி ஒருபுறம் மாத்திரம் திறந்த மேடையாயிற்று. நடுவே நின்ற அண்ணாவியார் மேடையின் ஓரத்துக்குச் சென்றார். தமிழ்நாட்டிலும் இதையொத்த மாற்றம் நிகழ்ந்தது. சதிராட்டத்தில் ஆடும் பெண்ணின் பின்னாலே நின்று, அவளுடன் கூடவே முன்னும் பின்னும் நகர்ந்து வாசித்த நட்டுவனாரும் முட்டுக்காரரும், அந்த ஆட்டம் பரதநாட்டியமென்ற பெயருடன் சபை ஏறியபோது மேடையின் பக்கத்திலே அமர்ந்தனர். சபைக்கு அது அழகாயிருந்திருக்கலாம். எனினும், அலாரிப்பு முதல் தில்லானா வரை இன்று ஆடப்படும் வரிசையை வகுத்தளித்தவர்கள் தஞ்சை நால்வரென்ற இசை வல்லுநர்களே என்பதை எண்ணும்போது, ஆட்டத்தின் கருவூலத்தை ஓரத்தில் உட்காரவைத்தோமே என்ற எண்ணம் தோன்றாமற் போகாது. ஓரத்தில் உட்கார்ந்தவரை ஒருநாள் முழுவதும் நீக்கிவிடுதல் எளிது. முதலில் மத்தியிலிருந்து பக்கத்துக்கு, பின்னர் பக்கத்திலிருந்து மேடைக்கு வெளியே, இறுதியில் மனிதரிடமிருந்து ஒலிப்பதிவுக்கு என்று, இந்த இறக்கம் படிப்படியாகவே நிகழ்கின்றது.

ஒலிப்பதிவுக்காகப் பேசுவோரின் நியாயங்களையும் கேட்போம். யுத்தகாலத்திலே இரவுக் களரி என்பதே இயலாத காரியமாயிற்று. பழக்கியவர் சிலர் இடம்பெயர்ந்தனர், சிலர் மறைந்தனர். 2004 மார்கழியிலே கடல் வந்து கரையோரத்தைக் கொண்டுபோனது. இத்தனைக்கும் பின்னர் ஒரு பாடசாலை ஆசிரியை, நிமிடக் கணக்கு விதிக்கப்பட்ட போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்க முனைகின்றார். ஊரிலே மத்தளக்காரர் இல்லை. அயலூரிலிருந்து அழைத்துவரப் பணமில்லை. கைத்தொலைபேசியிலோ ஒரு பாட்டு ஆயத்தமாக இருக்கின்றது. எத்தனை முறை வேண்டினும் அது சலியாமல் ஒலிக்கும், காலம் பிசகாது, சன்மானம் கேளாது. அவர் அதனைப் பயன்படுத்துவதை எவ்வாறு குறை கூறலாம்? மறைந்த அண்ணாவிமாரின் வாசிப்பைக் கேட்டுக் கற்கவும், தாளக்கட்டுகள் அழியாமற் காக்கவும் ஒலிப்பதிவு பேருதவி செய்யும் என்பதிலும் ஐயமில்லை.

ஆனால், அந்தப் பிள்ளைகளின் ஆட்டத்தை நீங்கள் கூர்ந்து பார்த்திருப்பீர்கள். அவர்கள் ஓசையைத் துரத்திக்கொண்டு ஓடுகின்றார்கள். ஓசை அவர்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு பிள்ளை தடுமாறினால், அந்தத் தடுமாற்றம் வெளிப்படையாகவே நின்று அப்பிள்ளையை அழவைக்கின்றது. தாங்கிக்கொள்ள அங்கே எவருமில்லை. மற்றொரு பிள்ளைக்கு இன்னும் ஒரு சுற்று ஆடும் ஆசையும் ஆற்றலும் உண்டாயினும், பதிவு முடிந்தவுடன் அந்த ஆசையும் அடங்கவேண்டியதே. எல்லா ஊரும் ஒரே பதிவை வைத்து ஆடினால், களுதாவளைக் கை இது, வந்தாறுமூலைக் கை அது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய வேறுபாடு அழிந்துவிடும். இவற்றினும் பெரிய நஷ்டம் ஒன்றுண்டு: பதிவு ஒலிக்கும் களரியிலே அடுத்த மத்தளக்காரன் பிறக்கமாட்டான். ஆடுபவரைப் பார்த்து வாசிக்கும் வித்தை, ஆடுபவர் இருக்கும் இடத்தில்தான் கைவரும். மத்தளத்தின் சொற்களைத் தனியறையிலிருந்து மனனம் செய்யலாம். பிறர் காலின் குறிப்பறிந்து அந்தச் சொற்களைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல சாமர்த்தியத்தை அவ்வாறு பெற முடியாது.

உலகின் பிற பாகங்களிலும் இதே கதை நடந்திருக்கின்றது. இங்கிலாந்திலே ஒக்ஸ்போர்டு நகருக்கு அருகேயுள்ள ஹெடிங்டன் குவாரி என்ற கிராமத்து மொரிஸ் ஆட்டக்காரரை, 1899ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள், செசில் ஷார்ப் என்ற இசையறிஞர் தற்செயலாகக் கண்டார். அவர்களுக்குக் கொன்செர்ட்டினா என்ற சிறு துருத்திக் கருவியை வாசித்தவர் வில்லியம் கிம்பர்; தொழிலால் மேசன். ஷார்ப் மறுநாள் அவரை அழைத்து மெட்டுகளை எழுதிக்கொண்டார். பிற்காலத்தில் ஆட்டங்களையும் அவரிடமே கற்றறிந்தார். 1911இல் ஷார்ப் தாபித்த ஆங்கில நாட்டார் நடனச் சங்கத்தின் பெரும்பணிக்கு வித்து, அந்த ஒரு வாத்தியக்காரரின் கையிலும் நினைவிலும் இருந்தது. ஹங்கேரி தேசத்தின் வரலாறு நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே நாட்டார் ஆட்டங்கள் பெரிய மேடைக் குழுக்களின் காட்சிப் பொருளாகிவிட்ட காலத்தில், செபோ, ஹல்மோஷ் முதலிய இளம் இசைக்கலைஞர்கள் கிராமத்து வாத்தியக்காரரின் வாசிப்பை ஊன்றிப் பயின்றார்கள். 1972இல் புடாபெஸ்ட் நகரத்திலே, மக்கள் தாமே கூடி நேரடி இசைக்கு ஆடும் நடனமனை இயக்கம் தோன்றியது. மேடையை விட்டுத் தரைக்கு வந்தது அந்த ஆட்டம். 2011இல் யுனெஸ்கோ நிறுவனம் அந்த முறையை மரபுகாக்கும் நல்வழிகளுள் ஒன்றாகப் பதிவு செய்தது. அயலிலே கேரளத்தில், வள்ளத்தோள் 1930இல் தாபித்த கலாமண்டலத்தில், செண்டையும் மத்தளமும் கதகளி வேஷத்தைப்போலவே பல்லாண்டுப் படிப்புகளாக நடத்தப்படுகின்றன. நடிகர் பழகும் களரியிலேயே கொட்டுவோரும் பழகி, அவர்தம் கைமுத்திரையைப் பார்த்து வாசிக்கக் கற்கின்றனர். கலாமண்டலம் கிருஷ்ணன்குட்டிப் பொதுவாளின் செண்டையைக் கேட்பதற்கென்றே கதகளி பார்க்கச் சென்றோர் இருந்தனர் என்றால், கருவியாளரை ஒரு நாடு எந்த அளவுக்கு மதிக்கலாம் என்பது விளங்கும்.

நம்மிடமும் நிறுவனங்கள் இல்லாமலில்லை. வந்தாறுமூலையிலே கிழக்குப் பல்கலைக்கழகமும், கல்லடியிலே சுவாமி விபுலாநந்தரின் திருப்பெயரால் அழகியற் கற்கைகள் நிறுவகமும் இயங்குகின்றன; கூத்தை மீண்டும் வட்டக்களரிக்குக் கொண்டுசென்று ஊரவருடன் சேர்ந்து மீளுருவாக்கம் செய்ய உழைத்தவர்களும் உளர். ஆயினும், பல்கலைக்கழகம் தரும் பட்டம் ஊர்க்களரிக்கு ஓர் இரவு மத்தளக்காரரைத் தானாகவே தந்துவிடாது. அதற்கு வழி, ஊரிலேயே, உங்கள் திண்ணையிலேயே, பெருஞ்செலவின்றி இருக்கின்றது. அதனையே விண்ணப்பமாக உங்கள்முன் வைக்கின்றேன்.

ஊரிலே கூத்துப் பழகத் தொடங்கும் நாளில் ஆடுவோருக்குச் சட்டம் கொடுக்கின்றீர்கள். அதே நாளில், அதே சபையில், அதே மரியாதையுடன், மத்தளத்துக்கும் தாளத்துக்கும் இரண்டு இளையோரைத் தெரிந்து, அவர்களிடமும் சட்டத்தைக் கொடுங்கள். தருமரின் பகுதி ஒருவனுக்குச் சொந்தமாவதுபோல, அந்தக் கூத்தின் தாளக்கட்டுகள் அவர்களுக்குச் சொந்தமாகட்டும். பழக்கம் நடைபெறும் மாதங்களில் முதலில் அவர்கள் தாளம் ஏந்தி உங்கள் பக்கத்தில் நிற்கட்டும். கைக்குக் கருவி வருமுன் கண்ணுக்கு ஆட்டம் வரட்டும். அடுக்குப் பார்க்கும் இரவில் இலகுவான ஒரு வரவை அவர்கள் கையில் விட்டு, நீங்கள் விலகி நின்று கேளுங்கள். அரங்கேற்றத்தன்று, சனக்கூட்டத்தின் முன்னிலையில், ஒரு பகுதியையேனும் அவர்களே வாசிக்கட்டும். அப்பொழுது அவர்கள் பிழைவிட்டால், அதனைத் தாங்கும் வல்லமை அனுபவம் மிக்க கூத்தருக்கு உண்டு. இத்தனை காலமும் நீங்கள் அவர்களைத் தாங்கினீர்கள், ஒரு முறை அவர்கள் தாங்கட்டுமே.

தெரிந்தெடுக்கும்போது பெண்பிள்ளைகளை மறவாதீர்கள். கூத்து ஆடுவதற்கே பெண்கள் வரலாகாதென்று தடுத்த காலம் மாறி, இன்று பாடசாலைகளிலும் பல்கலைக்கழகத்திலும் அவர்கள் கூத்தராக ஆடுகின்றனர். மத்தளம் கட்ட அவர்களுக்கு ஆற்றலில்லை என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. நம் தயக்கமே தடை. உங்கள் மகளோ மருமகளோ உங்கள் வாசிப்பைப் பிறந்தது முதல் கேட்டவள். வெளியூர்ச் சீடனுக்கு ஒரு வருஷத்தில் புரிவது அவளுக்கு ஒரு மாதத்தில் புரியும்.

மத்தளக்காரராகிய நீங்கள் உங்கள் வாசிப்பைப் பதிவு செய்ய எவரேனும் வந்தால், ஒரு நிபந்தனையுடன் இசையுங்கள். மத்தளத்தை மாத்திரம் பதிவு செய்வதாயின் மறுத்துவிடுங்கள். கூடவே ஒருவர் ஆடட்டும், அவர் காலும் உங்கள் கையும் ஒரே படத்தில் விழட்டும், எந்த அடிக்காக எந்தச் சொல்லை மாற்றினீர்கள் என்பதை நீங்களே வாயால் விளக்குங்கள். அத்தகைய பதிவு பிற்காலத்துச் சீடனுக்கு ஆசானாகும். வெறும் ஓசைப் பதிவோ உங்களைக் களரியிலிருந்து அகற்றும் கருவியாகவே முடியும். ஆடற்போட்டிகளுக்குப் பிள்ளைகளைப் பழக்கும் ஆசிரியர் எவரேனும் உங்கள் வாசலுக்கு வந்தால், சன்மானத்தின் அளவை மாத்திரம் எண்ணித் திருப்பியனுப்பிவிடாது, ஓரிரு மாலைகளையேனும் அப்பிள்ளைகளுக்குக் கொடுங்கள். உயிருள்ள மத்தளத்துக்கு ஒருமுறை ஆடிய பிள்ளை, மறுமுறை பதிவுக்கு ஆடும்போது எதனை இழந்தோம் என்பதைத் தானே உணரும். அந்த உணர்வுதான் நமக்கு வேண்டிய முதல் மூலதனம்.

ஆனால், தியாகத்தை உங்களிடம் மாத்திரமே வேண்டுவது முறையன்று. இந்த மடலைக் கோயிற் பரிபாலன சபையாரும், விளையாட்டுக் கழகத்தாரும், கூத்து விழா நடத்துவோரும் படிக்கக்கூடும் என்பதால், உங்கள் பொருட்டு அவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகின்றேன். அழைப்பிதழிலே கூத்தரின் பெயர்கள் நிரையாக அச்சிடப்படுகையில், மத்தளம், தாளம், பிற்பாட்டு, ஏடு என்று ஒவ்வொன்றின் எதிரேயும் உரியவரின் பெயர் இடம்பெறவேண்டும். பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் மின்விளக்குக்கும் பேசிய கூலியைத் தயங்காமல் கொடுக்கும் நாம், விடியவிடிய நின்று வாசித்தவருக்கு வெற்றிலை பாக்குடன் நன்றி சொல்லி அனுப்புவது போதாது. அவருடைய ஊதியம் செலவுப் பட்டியலின் தலையிலே எழுதப்படவேண்டும். களரி அமைக்கும்போது அவரை ஓரத்துக்குத் தள்ளாது நடுவிலே நிறுத்தவேண்டும். படம் பிடிப்பவருக்கு மறைக்கின்றது என்ற காரணம் காட்டப்படுமாயின், படம் பிடிப்பவரே சற்று விலகி நிற்கட்டும்.

அன்பர்களே, கூத்து அழிந்துவிடும் என்று ஒப்பாரி வைக்கும் கூட்டத்தில் நான் சேர்ந்தவனல்லன். சூறாவளியையும், யுத்தத்தையும், கடல்கோளையும் கடந்து மீண்டும் சதங்கை கட்டிய ஒரு சமூகம் ஆட்டத்தை எளிதிலே கைவிட்டுவிடாது. பிள்ளைகள் ஆடத்தான் போகின்றார்கள். அவர்கள் எதற்கு ஆடப்போகின்றார்கள் என்பதே இன்று நம்முன் நிற்கும் கேள்வி. தங்களைப் பாராத ஓர் ஓசைக்கா, தங்கள் ஒவ்வோர் அடியையும் பார்த்து வாசிக்கும் ஒரு மனிதருக்கா என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. அது உங்களிடமும், உங்களை அழைக்கும் ஊரிடமும் இருக்கின்றது. வருகின்ற அறுவடைக்குப் பின் எந்த ஊரிலாவது கூத்துப் பழகத் தொடங்கினால், சட்டம் வாங்குவோரின் நிரையில் மத்தளத்துக்குரிய இளையவரின் பெயரும் வாசிக்கப்பட்டது என்ற செய்தி தேற்றாத்தீவுக்கு எட்டட்டும். நானும் எம் ஊரவருமாக அந்த அரங்கேற்றத்துக்கு வந்து, இம்முறை உறங்காமல், விடியும் வரை உங்கள் கைகளையே பார்த்திருப்போம் என்று வாக்களிக்கின்றேன்.

இங்ஙனம்,
தங்கள் மத்தளவோசைக்குக் கடன்பட்ட
தேற்றாத்தீவு ரசிகன் ஒருவன்